ஓரத்தில் நிற்பவளுக்கு ஒரு லென்ஸ்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் என்கிற நான். என் மருமகள் தேவி. கோலாலம்பூரில் கேமராக் கடை வைத்திருக்கும் ஹமீது. பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா ராஜம், அவள் மகன் குமரன், எதிர் வீட்டு மேரி, மேல் மாடி சுப்பையா, அவர் மனைவி லெட்சுமி. மொத்தம் எட்டுப் பேர். ஒன்பதாவதாக ஒருத்தி நேரில் வராமலேயே அன்று முழுக்க என்கூட இருந்தாள். அவள் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருடம் ஒரே கம்பெனியின் பிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுத நான் ஏன் திடீரென்று அடுத்த கம்பெனிக்கு மாறினேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எந்தக் கடை, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாம் சொல்கிறேன். கம்பெனிகளின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். போன வருடம் பெயர் போட்டு எழுதியதற்கு இதே பக்கத்தில் வந்து சண்டை போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் பழைய கம்பெனி, புதுக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

என் பழைய கேமராவை என் வீட்டுக்காரர் வாங்கினார். அவர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். கப்பலில் வந்த ஓர் ஆளிடம் பேரம் பேசி, கேமராவையும் அதிலேயே பூட்டியிருந்த ஜூம் லென்ஸையும் கொண்டு வந்தார். ஆனால் அவருக்குக் கை நடுங்கும். எடுத்த முதல் ரோல் முழுக்க நிலநடுக்கம். "நீயே எடு" என்று என் கையில் கொடுத்துவிட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் லென்ஸ் வளையத்தில் இருக்கிற எண்களை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டேன். அதிலிருந்து எங்கள் குடும்பத்துக் கல்யாணம், காதுகுத்து, கிரகப் பிரவேசம் எல்லாவற்றுக்கும் நான்தான் கேமரா. அதனால் எந்தப் படத்திலும் நான் இல்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகும் என்னை யாரும் ஓரமாக நிற்கச் சொல்லவில்லை. படத்தில் நின்றால்தானே ஓரம், நடு எல்லாம்.

ஓரத்தில் நின்றவள் என் அக்கா. இருபத்தேழு வயதில் அவள் புருஷன் இறந்துவிட்டார். கையில் இரண்டு வயதுக் குமரன். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். கிள்ளானில் மண்டபம். குரூப் படத்துக்கு எல்லாரும் நின்றபோது அக்கா என் பின்னால், என் தோளில் கை வைத்தபடி நின்றாள். அந்தக் கையின் சூடு இப்போதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் ஒருத்தி வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லும்மா. நல்ல காரியம் பாரு" என்றாள். தோளில் இருந்த கை போய்விட்டது. புதுப்பெண் நான், வாய் திறக்க முடியவில்லை. அந்தப் படத்தில் பாதித் தூணும் பாதி அக்காவும் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து யார் கேமராவைத் தூக்கினாலும் அக்கா தானாகவே ஓரத்துக்குப் போய்விடுவாள். நான் கூப்பிட்டிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன், ஒரு தடவை அழுதும் பார்த்தேன். "இங்கேயே நல்லாத்தான் இருக்கு, நீ எடுடி" என்பாள்.

இங்கேதான் லென்ஸ் விஷயம் வருகிறது. என் ஜூம் லென்ஸ் நடுவில் நிற்பவரின் மூக்குத்திக் கல்லை எண்ணிக் காட்டும். ஓரத்தில் நிற்பவரைத் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி கரைத்துவிடும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் இன்னும் மோசம். முப்பத்தெட்டு வருடப் படங்களில் அக்காவின் சேலை நிறம் இருக்கிறது, உயரம் இருக்கிறது. முகம் இல்லை.

போனில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். போன வருடம் காப்பாரில் ஒரு கல்யாணம். தேவி போனில் எடுத்த குரூப் படத்தில் அக்கா தெளிவாகவே இருந்தாள். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப்பில் அதே படம் வந்தது, இடது ஓரம் வெட்டப்பட்டு. வெட்டிப் போட்டது யார் என்றால், அக்காவின் முழங்கையைப் பிடித்த அதே கைதான். நெகட்டிவை அப்படி வெட்ட முடியாது. அது என் பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும்.

மார்ச் மாதத்தில் குமரன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தான். அம்மாவை பெர்த்துக்குக் கூட்டிப் போகிறான். சனிக்கிழமை விமானம். அக்காவுக்கு எழுபத்தொன்பது, எனக்கு எழுபத்து மூன்று. இனி யார் யாரைப் பார்க்கப் பறப்பது? அதனால் புதன்கிழமை கிளம்பினேன். சனிக்கிழமைக்குள் அக்காவின் முகம் தெரிகிற ஒரு படம் வேண்டும்.

மகன் என்னைத் தனியாக அனுப்பமாட்டான் என்பதால் தேவி வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தாள். கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் காலை 8.40 ரயில். கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எனக்கு மூத்தோர் பாதிக் கட்டணம். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷா ஆலம் வரை உட்கார இடம் இருந்தது, பிறகு கூட்டம். ஏர்கோன் குளிர் எலும்பு வரைக்கும் போகும், ஒரு துண்டு எடுத்துப் போங்கள். கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. நகர ரயிலுக்கு மாறி, அடுத்த நிலையமான பாசார் செனியில் இறங்கினோம். அங்கிருந்து புடு பக்கமாக நடை. கூகுள் பத்து நிமிடம் என்றது. என் முழங்காலுக்கு இருபது. வெயிலில் போகாமல், கடைகளுக்கு முன்னால் கூரையோடு போகிற அஞ்சடியிலேயே நடந்தால் சுலபம்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. கீழேயே பிலிம் கழுவும் கூடம். கடைக்கார ஹமீதுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் கேட்டதும் என் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு ஆன்டி. எதுக்கு மாத்துறீங்க?"

"ஓரம் கரையுது தம்பி."

"லென்ஸச் சுருக்கி எட்டுல வெச்சு எடுங்க. ஓரம் தன்னால கிளியராயிடும்."

"எட்டுல வெச்சா வெளிச்சம் பத்தாது. நான் எடுக்கப் போறது பிளாட் வராந்தா."

"பிளாஷ் போடுங்க லா."

"பிளாஷப் பார்த்தாலே அவ முகத்தத் திருப்பிக்குவா."

"யாரு?"

"எங்க அக்கா."

ஹமீது சிரித்தார். "அப்ப ரொம்ப ஈசி. அக்காவ நடுவுல நிக்க வெச்சிடுங்க. காசே செலவில்ல."

தேவி தரையைப் பார்த்தாள். நான் அவரிடம் சொன்னேன், மேலே உங்களுக்குச் சொன்னதை இதைவிடச் சுருக்கமாக. அவள் நடுவுக்கு வரமாட்டாள், அதனால் தெளிவை ஓரத்துக்குக் கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றேன். ஹமீது ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார்.

ஒன்று என் பழைய கம்பெனியுடையதே. அதை வாங்கினால் என் கேமராவிலேயே பூட்டலாம், கம்பெனி மாற வேண்டாம். ஆனால் போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். விலையும் மற்றதைவிட அதிகம். மற்றது புதுக் கம்பெனியின் 35 எம்.எம்., ஜூம் கிடையாது, கண்ணாடி சுத்தம். ஆனால் அது என் கேமராவில் பூட்டாது. ஒரு கம்பெனி லென்ஸ் அடுத்த கம்பெனி உடம்பில் ஏறாது. வேண்டுமென்றால் உடம்பையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"பார்க்காம வாங்கமாட்டேன்" என்றேன். இதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, நீங்களும் செய்யலாம். தமிழ்ப் பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் சின்னச் சின்ன முகங்களும் பொடி எழுத்தும் இருக்கும். சுவரில் தட்டையாக ஒட்டி, லென்ஸை முழுக்கத் திறந்து, பக்கம் சட்டத்தை நிறைக்கிற மாதிரி எடுங்கள். மூலையில் இருக்கிறவர் பெயரை வாசிக்க முடிந்தால் லென்ஸ் நல்லது. மாடி நடையில் பேப்பரை ஒட்டினேன். ஹமீது கடனாகக் கொடுத்த புதுக் கம்பெனி கேமராவில் நாலு, என்னுடையதில் ஏற்கெனவே இருந்த ரோலில் நாலு. போகிறவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர் யாரோ தவறிவிட்டார் என்று நினைத்து மெதுவாக நடந்தார்கள்.

கழுவிக் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு ரோலுக்கு 44 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு மணி நேரம். அதற்குள் பக்கத்துச் சந்தில் சோறு சாப்பிட்டோம். தேவி மீன் தலையை என் தட்டில் தள்ளிவிட்டு, "அத்தை, ஒண்ணு கேக்கவா? அந்தப் பழைய கேமரா மாமா வாங்கினது. குடுத்துட்டு வந்து ராத்திரி அழுவீங்களா?" என்றாள்.

"அழுவேன்" என்றேன். "அதுக்காகக் குடுக்காம இருக்க முடியுமா?"

திரும்பிப் போய்ப் பார்த்தோம். என் ஜூமில் வலது கீழ் மூலையில் இருந்த அம்மாவுக்கு முகமே இல்லை, புகை. புது லென்ஸில் அதே அம்மாவின் பொட்டு, கண்ணாடி, காதுத் தோடு எல்லாம் தெரிந்தன. கீழே இருந்த பெயரை மூன்றாம் வகுப்புப் படித்த நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பழைய உடம்பையும் ஜூமையும் எடுத்துக்கொண்டு, மேலே 750 வெள்ளி கேட்டார் ஹமீது. பேரம் பேசவில்லை. தேவி ஆச்சரியமாகப் பார்த்தாள். ஹமீது என் பழைய கேமராவை அலமாரியில் வைக்கப் போனவர், திரும்பி வந்து அதன் தோல் வாரை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது உங்க வீட்டுக்காரரோடது. கணக்குல சேராது ஆன்டி." இப்போது புதுக் கேமரா அந்த வாரில்தான் தொங்குகிறது.

மாறப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கம்பெனியில் போகஸ் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றும். லென்ஸைப் பூட்டுவதும் எதிர்ப்பக்கம். முப்பத்தெட்டு வருடம் ஒரு பக்கம் சுற்றிய கை, சொன்னால் கேட்காது. வாங்கிய அன்றே முக்கியமான படத்தை எடுக்கப் போகாதீர்கள். எனக்கு வேறு வழி இல்லை.

எல்.ஆர்.டி.யில் கே.எல். சென்ட்ரல் திரும்பி, அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். பூக்கடை, பலகாரக் கடை, சேலைக்கடைப் பாட்டுச் சத்தம் எல்லாம் தாண்டி அக்கா இருக்கும் பிளாட்டின் நான்காம் மாடிக்குப் போனபோது மணி நான்கே முக்கால். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அக்கா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து இன்னொரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இந்த வெயில்ல? ஞாயித்துக்கிழம தானே வந்துட்டுப் போன."

"புதுக் கேமரா வாங்கினேன்."

"பழசுக்கு என்ன கேடு?"

"அதுக்கு ஓரம் தெரியல."

"உனக்கு மட்டும் தெரியுதாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள்.

குமரன் எல்லாரையும் கூப்பிட்டான். எதிர் வீட்டு மேரி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தார். மேல் மாடி சுப்பையாவும் லெட்சுமியும் இறங்கி வந்தார்கள். தேவியும் குமரனும் சேர்ந்து நின்றார்கள். வராந்தாவில் சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் வந்தது. எல்லாரும் நிற்பதற்குள் அக்கா போய் மேரி வீட்டுச் செருப்பு அலமாரி பக்கம், கடைசி ஆளாக நின்றுவிட்டாள்.

"அம்மா, நடுவுல வாங்கம்மா. இங்க யாரு என்ன சொல்லப் போறா?" என்றான் குமரன்.

"இங்கேயே நல்லாத்தான் இருக்கு. நீ எடுடி."

"அங்கயே நில்லுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி, சண்ட போடல?"

"இன்னிக்கு வேணாம்."

கேமராவைக் கண்ணில் வைத்தேன். வளையத்தைச் சுற்றினால் எல்லாரும் மங்கிப் போனார்கள். மறுபக்கம் சுற்றினேன், சரியாக வந்தது. கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கலாம் என்று பின்னால் போனேன். கை மறுபடியும் பழைய பக்கம் போனது. சுப்பையா, "தங்கச்சி, சனிக்கிழம பிளேன் போயிடும் போல இருக்கு லா" என்றார். மேரி சிரித்து, மற்றவர்களும் சிரித்து, வியர்வை என் கண்ணில் இறங்கி, ஒருவழியாக ஐந்து படங்கள் எடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா கேமராவைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "கனமா இருக்குடி. தோள் வலிக்கும்." வாரைத் தடவிப் பார்த்து, "இது மாப்பிள்ளையோடது" என்றாள். லிப்ட் கதவு மூடும்வரை வாசலிலேயே நின்றாள். இரவு ஏழரை மணி ரயிலில் கிள்ளான் திரும்பினோம்.

சனிக்கிழமை அக்கா போய்விட்டாள். ரோலில் மிச்சம் இருந்ததை வீட்டுப் பூனைமேல் எடுத்து முடித்து, அடுத்த வாரம் கழுவி வாங்கினேன். தேவி கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். முதலில் நடுவைப் பார்க்கவே இல்லை, நேரே ஓரத்துக்குப் போகச் சொன்னேன். செருப்பு அலமாரி, மேரியின் சிவப்புச் செருப்பு, அதன் பக்கத்தில் அக்கா. நெற்றித் திருநீறு, இடது புருவத்தின் சின்ன வெட்டு, சின்ன வயதில் தோட்டத்துக் குழாயடியில் விழுந்தது. ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக. லென்ஸ் சொன்னதைச் செய்துவிட்டது.

ஆனால் அக்கா லென்ஸைப் பார்க்கவில்லை. ஐந்து படத்திலும் மற்ற ஐந்து பேரும் நேராகப் பார்க்கிறார்கள். அக்காவின் கண் மட்டும் லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே பெர்த்துக்குப் போன் போட்டேன்.

"எழுநூத்தம்பது வெள்ளி குடுத்து உன்னத் தெளிவா எடுத்தா, நீ எங்கயோ பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிற."

"எங்கயோ இல்லடி. உன்னத்தான் பார்த்தேன்."

"கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற என்னை எங்க பார்த்த?"

"நடுவுல நிக்கிறவங்களுக்குத்தான் கேமரா மறைக்கும். ஓரத்துல இருந்து பார்த்தா உன் மூஞ்சி பாதி தெரியும். ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, நாக்கக் கடிச்சிக்கிட்டு, மொறச்சிக்கிட்டு நிப்பே. மூணு வயசுல பாவாடை நாடாவ முடிச்சுப் போட நீ அப்படித்தான் நின்ன. அதப் பார்க்கவே எனக்குச் சிரிப்பு வரும்."

"எப்பவுமா?"

"எப்பவுந்தான். பின்ன எதுக்கு அங்கயே நல்லா இருக்குன்னு சொன்னேன்?"

போனை வைத்த பிறகு பீரோவைத் திறந்து பழைய ஆல்பங்களை எடுத்தேன். ஒவ்வொரு ஓரத்திலும் அந்தக் கரைந்த முகம். இப்போது பார்த்தால் எனக்குத் தெரிகிறது, எல்லாவற்றிலும் அது ஒரே பக்கமாகத்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். வார நாளில் போங்கள், சனி ஞாயிறு அந்தக் கட்டடத்தில் நிற்க இடம் இருக்காது. லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள், பீரோவில் துணிக்கு நடுவே வைத்தால் ஒரே வருடத்தில் பூஞ்சை பிடிக்கும். எங்கள் இருவருக்கும் பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 50 வெள்ளிக்குள் முடிந்தது. கடையில் வாங்கிய இரண்டு பிலிம் ரோல் தலா 58 வெள்ளி. கம்பெனி மாறுவது ஒன்றும் பாவமில்லை. உங்கள் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்.

இதை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "பேரெல்லாம் போடாத, விட்டுடுடி, அவளுக்கும் வயசாயிடுச்சி" என்றாள். வயது எல்லாருக்கும்தான் ஆகிறது. அக்கா ஓரத்தில் நின்று சிரித்தாள் என்பதற்காக, அவளை ஓரத்துக்குத் தள்ளியது சரியென்று ஆகிவிடாது. என் தோளில் இருந்த ஒரு கையை எடுத்தவள், போன வருடம் போனிலும் அதே கையை வெட்டியவள், காப்பாரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அக்கா மன்னித்துவிட்டாள், அது அவள் மனசு. நான் மன்னிக்கமாட்டேன், என் பெரிய நாத்தனார் சரோஜாவை.